இடப்பக்க முடிச்சு

என் தங்கை சமீனாவை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பர்மியர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் அவள் ‘சயாமா’. பள்ளிக்கூட ஆசிரியைக்கும், ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கும் கொடுக்கிற அதே மரியாதைச் சொல்; ஆண் என்றால் ‘சயா’. அவள் ஆசிரியையும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களின் காயத்தை வீட்டுக்கே போய்ச் சுத்தம் செய்து கட்டுப் போடுகிறவள். அந்தச் சொல் அவளுக்குச் சும்மா வரவில்லை. கூடவே இருந்து பார்த்தவள் நான், அதனால் எழுதுகிறேன்.

நான் மூத்தவள், ருக்சானா. அவளுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். வீடு மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் போனால் அலமாரியில் தம்ளர் குலுங்கும் தூரத்தில். ஐந்தாம் வகுப்போடு நான் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். கடைகளிலிருந்து வரும் கைலித் துணியை மூட்டித் தருவது என் வேலை. பெண்கள் கட்டும் தமேன் என்றால் இடுப்பில் வரும் கறுப்புப் பட்டையையும் சேர்த்துத் தைக்க வேண்டும். சமீனாவுக்கு ஏழு வயது இருக்கும்போதே நான் தைத்து அடுக்கியதை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். “லாத்தா, இங்க ரெண்டு தையல் தவறிப்போச்சு” என்பாள். எங்களில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். கடைக்காரன் கண்ணுக்குப் படாத தவறு அவள் கண்ணுக்குப் படும். எனக்குக் கோபம் வரும். ஆனால் பிரித்துத் தைப்பேன்.

பத்தாவது பரீட்சையில் கணக்கு அவளை இரண்டு முறை தள்ளிவிட்டது. மூன்றாம் முறை எழுதாமல் கியாக்டடாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குப் போனாள். படுக்கை விரிப்பு மாற்றுவது, தட்டு கழுவுவது. ஆறு வருஷம் அதையே செய்தாள். நர்சுகள் கட்டுப் பிரிக்கும்போது தட்டு ஏந்தி நிற்பாள். நின்றே கற்றாள். பிறகு நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். அது இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கண்ணாடிக்கு நான்தான் வெள்ளிக்கிழமை தோறும் தூசி துடைக்கிறேன்.

இப்போதெல்லாம் பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றை நீளமாகக் கிழிப்பதில்லை. நாலு துளை போடுகிறார்கள். தொப்புளில் ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலது விலாப்பக்கம் சின்னதாக இரண்டு. அதற்குள் குழாயை விட்டு, டிவியில் பார்த்தபடியே பித்தப்பையை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். துளை சின்னது என்றதும் ஜனங்களுக்குப் பயம் போய்விடுகிறது. பயத்தோடு கவனமும் போய்விடுகிறது. மூன்றாம் நாள் குளித்துவிட்டு ஈரத் துணியோடு நிற்பார்கள். ஒருத்தி ஆறட்டும் என்று, பெண்கள் முகத்துக்குப் பூசும் தனக்காப் பட்டையை அரைத்துக் காயத்தில் பூசியிருந்தாள். முகத்துக்கு நல்லதென்றால் வயிற்றுக்கும் நல்லதுதானே என்பது அவள் கேள்வி. அந்த மாதிரி இடங்களுக்குத்தான் சமீனா தேவைப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் ஒருவர் அவளைக் கவனித்து வைத்திருந்தார். தம்மிடம் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் எங்கள் பக்கம் இருப்பவர்களை அவளிடம் அனுப்பத் தொடங்கினார். ஒரு வருஷத்தில் பத்தொன்பது பெண்கள். பத்தொன்பது பேர் காயமும் ஆறியது. தனக்கா பூசியவளுக்குக்கூட நாலு நாள் தாமதம், அவ்வளவுதான். இந்த எண்ணிக்கையை நான் உறுதியாகச் சொல்ல முடியும். அவள் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்ல, தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதுகிறவள் நான். ஒரு காயத்துக்கு ஒரு வரி. ‘காய்ந்திருக்கிறது’, ‘சிவப்பு இல்லை’, ‘வாடை இல்லை’.

ஜூன் மாதம் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். பர்மிய வழக்கப்படி இளம்பெண் பெயருக்கு முன்னால் வரும் ‘மா’வைச் சேர்த்துத்தான் அவர் பேசுவார்.

“மா சமீனா, ஆம்பளை நோயாளி ஒருத்தரை உன்கிட்ட விட்டுப் பார்க்கப்போறேன். பாதிப் பேர் ஆம்பளைங்கதான். கட்டு மாத்துறதுக்காக பஸ்ஸில இடிபட்டு இங்க வர்றாங்க. இவர் காயம் நல்லபடியா ஆறினா, டிஸ்சார்ஜ் சீட்டிலேயே உன் பேரையும் போன் நம்பரையும் அச்சடிச்சிடலாம். எல்லாரும் உன்கிட்டயே வருவாங்க.”

டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் பெயருக்குக் கீழே தன் பெயர். வீட்டுக்கு வந்து அவள் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரோடு பாதி அரிசியும் போயிற்று. அவள் கையிலிருந்து ஒரு பொருள் சிந்தி நான் பார்த்தது அன்றுதான்.

அந்த ஆண் நோயாளி பொன்னுத்துரை. எங்களிடமிருந்து நாலு தெரு தள்ளி நாலாம் மாடி. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. அக்கம்பக்கத்துப் பர்மியர் ‘ஊ பொன்னுத்துரை’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மனைவி பவுனம்மாள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், வியாழக்கிழமை வீடு, வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு நாங்கள் போனோம். ஆண் நோயாளி இருக்கிற வீட்டுக்கு அவள் தனியாகப் போகக்கூடாது என்று நானும் போனேன். நோட்டும் என் கையில்தானே இருக்கிறது.

மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடித்தது. கயிறு மேலே போய், நுனிக் கிளிப்பில் தெருக்கதவுச் சாவியோடு இறங்கி வந்தது.

“ஏம்மா, நாலு ஓட்டைக்கு ரெண்டு பேரா?” என்றார் பொன்னுத்துரை.

“ஒருத்தி பார்க்க, ஒருத்தி எழுத, ஐயா” என்றாள் சமீனா.

“எழுதுங்க எழுதுங்க. ஆளு தங்கமான ஆளுன்னு முதல் வரியில எழுதுங்க.”

“தங்கமான ஆளா? நேத்து சூப்புல உப்பில்லன்னு சட்டியைத் தள்ளிவிட்ட ஆளு” என்றாள் உள்ளேயிருந்து பவுனம்மாள்.

வேலை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நடக்கும். முதலில் பவுனம்மாள் அவரை அறையில் படுக்கவைத்து, கைலியைத் தளர்த்தி இறக்கி, வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைப் போர்த்துவாள். அதன் பிறகுதான் சமீனா உள்ளே போவாள். நான் முன்னறையில் கதவோரம் உட்காருவேன். அவள் கையைச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம் என்று நிதானமாகக் கழுவுவாள். பழைய கட்டை நனைத்து மெதுவாக எடுப்பாள். உப்புநீரில் நனைத்த பஞ்சால் காயத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. அந்தப் பஞ்சு மறுபடி காயத்தைத் தொடாது, குப்பைக்குப் போகும். அடுத்த இழுப்புக்கு அடுத்த பஞ்சு. பிறகு ஒற்றி எடுத்து, ஐந்து நிமிஷம் காற்றாட விடுவாள். மற்றவர்கள் அவசரப்பட்டு விட்டுவிடுவது இந்த ஐந்து நிமிஷத்தைத்தான். அந்த நேரத்தில் அவள் சொல்வதை நான் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை நாலும் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை மூன்று காய்ந்திருந்தது. தொப்புளில் மட்டும் ஈரம்.

“தொப்புள் குழி ஆழம், கொஞ்சம் ஈரம் இருக்கும்” என்றாள் சமீனா. ஆனால் என்னை எழுதச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நொடி தயக்கம் இருந்தது.

திங்கட்கிழமை பொன்னுத்துரை டாக்டரிடம் போனார். நாங்களும் போனோம். தொப்புளைச் சுற்றிச் சிவந்திருந்தது. தெளிந்த மஞ்சளாக நீர் கசிந்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், சர்க்கரை பார்த்தார். எல்லாம் சரி. சீழ் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை, மேல்தோல்தான் ஆறவில்லை என்றார். பேனா எடுத்துச் சிவப்பின் ஓரமாகவே ஒரு வளையம் வரைந்து தேதி எழுதினார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கூட்டி வா என்றார்.

பிறகு சமீனாவைப் பார்த்தார். “அடுத்த திங்கக்கிழமை பார்க்கிறேன். இதே மாதிரி இருந்தா இவர் தினமும் இங்கயே வரட்டும். ஆம்பளைங்களை வீட்டுக்கு அனுப்புற யோசனையையும் விட்டுடுவோம்.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் ஈரம். பவுனம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சி கைராசி ஆம்பளைங்களுக்குச் சேரலையோ என்னவோ. நான் கொஞ்சம் மஞ்சளைக் குழைச்சு வச்சுப் பார்க்கட்டுமா?”

அறைக்குள்ளிருந்து சமீனாவின் குரல் வந்தது. “பவுனம்மா அக்கா, மஞ்சள் மீன் குழம்புக்கு. இங்க வேணாம்.”

குரல் தைரியமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மெஷினில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு நோட்டை விரித்தாள்.

“லாத்தா, பத்தொன்பது பேர் பக்கத்தையும் படிங்க.”

படித்தேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள். ‘தொப்புள் காய்ந்திருக்கிறது.’ ‘தொப்புள் காய்ந்திருக்கிறது.’ அவள் கண்ணை மூடிக் கேட்டாள். உப்புநீர் அதே உப்புநீர், பஞ்சு அதே பஞ்சு, பிளாஸ்திரி அதே கடை. மாறவேயில்லை.

“அப்ப நான் செய்றதுல தப்பில்ல. நான் இல்லாத நேரத்துல அங்க என்னமோ நடக்குது” என்றாள்.

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், அல்லது நோயாளி மேல் பழி போட்டிருப்பாள். இவள் மறுநாள் நேரத்தோடு கிளம்பினாள்.

புதன்கிழமை கட்டைப் பிரித்தவள், வழக்கம்போலக் குப்பையில் போடாமல் ஒரு பிளாஸ்திரித் துண்டை இடுக்கியில் பிடித்தபடி முன்னறைக்கு வந்தாள். அதன் ஒரு ஓரம் சுருண்டு கிளம்பியிருந்தது. ஒட்டுகிற பக்கத்தில் ஏதோ பஞ்சு மாதிரி.

“லாத்தா, இது என்ன நூலு?”

ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். நூல் விஷயத்தில் யாரும் என்னிடம் வாதம் செய்ய முடியாது. “கத்திரிப்பூ நிறம், நடுவுல பச்சை. கச்சின் கட்டம் போட்ட ஆம்பளைக் கைலி. புதுசு, இன்னும் கஞ்சி போகல. ரெண்டு தடவை துவைச்சிருந்தா இப்படிப் பிசிறு உதிராது.”

“தினமும் இதே ஓரம்தான் கிளம்புது. டாக்டர் வரைஞ்ச கோடும் இந்தப் பக்கம்தான் அழிஞ்சிருக்கு.”

அவள் திரும்பிப் போய்ப் புதிய கட்டுப் போட்டுவிட்டு, பின்கட்டுக்குக் கைகழுவப் போனாள். பொன்னுத்துரை எழுந்து, எங்களை வழியனுப்ப வெளியே வந்தார். தளர்ந்த கைலியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து ஒரு உதறு உதறினார். நான் சுவரில் இருந்த நாட்காட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆண்கள் நடுத்தெருவில் நின்று கைலியைப் பிரித்துக் கட்டுகிற ஊர் இது. பெண்கள் கண்ணைத் திருப்பிக்கொள்கிற ஊரும் இதுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து நான் அப்படித்தான் செய்கிறேன். அந்த மாதத்து விடுமுறை நாள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

“லாத்தா.” பின்கட்டு வாசலில் சமீனா ஈரக் கையோடு நின்றாள். “அவர் எங்க முடிச்சுப் போடுறார்?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“இங்கதான உட்கார்ந்திருக்கீங்க தினமும்?”

“ஆம்பளை கைலி கட்டுறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களாடி?”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு பொன்னுத்துரை பக்கம் திரும்பினாள். “ஐயா, இன்னொரு தடவை கட்டிக் காட்டுங்க.”

“என்னது?”

“கைலியைப் பிரிச்சு, எப்பவும் கட்டுற மாதிரி கட்டுங்க. நாங்க பார்க்கணும்.”

“அடி ஆத்தி!” என்று பவுனம்மாள் வாயைப் பொத்தினாள்.

பொன்னுத்துரை காதுவரை சிவந்து, கட்டினார். விரித்தார், இரண்டு ஓரத்தையும் முன்னால் கொண்டுவந்தார், சேர்த்து ஒரு முறுக்கு, உள்ளே ஒரு செருகு. எலுமிச்சம்பழம் அளவு முடிச்சு. கஞ்சி போகாத மொடமொடத் துணி. சரியாகத் தொப்புள் மேல் உட்கார்ந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வெட்கம் வரவில்லை.

“படுக்கிறப்ப முடிச்சு இல்ல” என்றாள் சமீனா மெதுவாக. “நான் வர்றப்ப நீங்க படுத்திருக்கீங்க. நான் போனதும் எந்திரிச்சுக் கட்டுறீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவிழ்த்துக் கட்டுவீங்க?”

“அதையெல்லாம் யாரு எண்ணுறது?”

“நான் எண்ணுறேன்” என்றாள் பவுனம்மாள். “சாப்பிட உட்கார்றப்ப ஒண்ணு, எந்திரிக்கிறப்ப ஒண்ணு. கக்கூஸ் போய் வந்து ஒண்ணு. பேப்பர் படிச்சு முடிச்சு ஒண்ணு. கீழ டீக்கடைக்குப் போறப்ப மாடிப்படிக்கு ஒண்ணு. ஆபரேஷனுக்கு அப்புறம் வயிறு இளைச்சுட்டுதாம், நழுவுதாம், இழுத்து இழுத்து இறுக்குறாரு.”

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. பத்தொன்பது பேரும் பெண்கள். பெண்கள் யாரும் வயிற்றுக்கு நடுவில் முடிச்சுப் போடுவதில்லை. தமேனைச் சுற்றிக் கொண்டுவந்து பக்கவாட்டில் செருகுகிறோம். கறுப்புப் பட்டையைத் தைத்துக் கொடுக்கிற எனக்கே இது தோன்றவில்லை.

“சரி, மேல ஏத்திக் கட்டிக்கிறேன்” என்றார் பொன்னுத்துரை.

“மேல இன்னொரு காயம் இருக்கு.”

“வலப்பக்கம்?”

“அங்க ரெண்டு.”

“அப்ப ரப்பர் போட்ட கால்சட்டை?”

“அந்த ரப்பர் நேரா தொப்புள்லதான் வந்து உட்காரும். இடப்பக்கம் ஒண்ணுதான்யா காலி.”

அவர் புரிந்துகொண்டார். முகம் இறுகியது. “இடுப்புல செருகச் சொல்றியா? தமேன் மாதிரியா? நான் என்ன பொம்பளையா?”

“சட்டை மறைச்சிடும். யாரு பார்க்கப்போறாங்க?” என்றாள் பவுனம்மாள்.

“எனக்குத் தெரியுமில்ல!”

சமீனா அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஐயா, திங்கக்கிழமை டாக்டர் முன்னால நீங்க படுக்கணும், நான் நிக்கணும். ஆறலைன்னா நீங்க தினமும் நாலு மாடி இறங்கி, பஸ் ஏறிப் போகணும். எனக்கு இனிமே ஆம்பளைக் காயம் கிடையாது. ரெண்டு பேருக்கும் அஞ்சு நாள் இருக்கு. செருகுனது நிக்காதுன்னு பயப்படாதீங்க, லாத்தா நாடா வச்சுத் தைச்சுத் தருவாங்க.”

என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்று பகலே தைத்தேன். துவைத்துத் துவைத்து மிருதுவான அவருடைய பழைய கைலி ஒன்றில், இடப்பக்கம் உள்ளே தெரியாமல் ஒன்று, அதற்கு எதிரே வெளியே ஒன்று, அதே கட்டத் துணியில் இரண்டு நாடா. கட்டம் கோடு பிசகாமல் ஒட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் நாடா இருப்பதே தெரியாது.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தபோது பிளாஸ்திரி ஓரம் கிளம்பவில்லை. சிவப்பு சுருங்கியிருந்தது. சமீனா பழைய வளையத்துக்குள் இரண்டாவது வளையம் வரைந்து தேதி போட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ஈரம். கத்திரிப்பூ நிறப் பிசிறு.

பொன்னுத்துரை கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பவுனம்மாள்தான் சொன்னாள். முந்தின நாள் சாயந்தரம் கீழே டீக்கடையில் விழுந்த தீப்பெட்டியை எடுக்கக் குனிந்திருக்கிறார். சட்டை ஏறிவிட்டது. கூட்டாளி சுப்பிரமணியம் பார்த்துவிட்டு எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்து, “டோ பொன்னுத்துரை, உட்காருங்கம்மா” என்றாராம். ‘ஊ’ ஆணுக்கு, ‘டோ’ பெண்ணுக்கு. கடையே சிரித்திருக்கிறது. பரிமாறுகிற பர்மியப் பையன்கூட “டோ பொன்னுத்துரைக்கு ஒரு டீ” என்று கூவினானாம். மேலே வந்து கைலியை மாற்றி, பழையபடி நடுவில் முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டார்.

சமீனா வழக்கம்போலவே காயத்தைச் சுத்தம் செய்து, அந்த ஐந்து நிமிஷத்தையும் விடாமல் காற்றாட வைத்து, கட்டி முடித்தாள். கை கழுவினாள். பிறகு, “லாத்தா, கீழ டீக்கடைக்குப் போவோம் வாங்க” என்றாள்.

நாங்கள் டீக்கடையில் உட்காருகிறவர்கள் இல்லை. அன்று உட்கார்ந்தோம். சுப்பிரமணியம் அடுத்த மேசையில் இருந்தார், மெலிந்த மனிதர், வாய் நிறைய வெற்றிலை.

“சுப்பிரமணியம் ஐயா, போன வருஷம் உங்களுக்கும் பித்தப்பையில துளை போட்டாங்கல்ல?”

“ஆமா சயாமா. ஏன்?”

“தொப்புள் காயம் எத்தனை நாள்ல ஆறுச்சு?”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “அதையேன் கேக்குற. ஒன்றரை மாசம். ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. மருந்து மாத்தி, மாத்திரை மாத்தி... என் உடம்பு வாகு அப்படின்னு விட்டுட்டேன்.”

“கைலி எங்க முடிச்சுப் போட்டீங்க?”

“எங்க போடுவாங்க? நடுவுல...” சொல்ல வந்தவர் நிறுத்தினார். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். முடிச்சைத் தொட்டார். கடையில் இரண்டு மூன்று பேர் தங்கள் முடிச்சைக் குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன். “அட, இதையா? இதை அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா நானும் ஒன்றரை மாசம் டோ சுப்பிரமணியமா இருந்திருப்பேனே!”

“இப்ப ஒருத்தர் இருக்கார். அவரைச் சிரிச்சுச் சிரிச்சு மறுபடியும் ஊ ஆக்கிட்டீங்க. காயம் திரும்ப ஒழுகுது.”

அவர் டீயைக் குடித்து முடிக்கவில்லை. நாலு மாடி ஏறினார், மூச்சு வாங்க. நாங்கள் பின்னால் போய்ச் சேர்வதற்குள் உள்ளே சத்தம் கேட்டது.

“எந்திரிடா! அந்த நாடாக் கைலி எங்க? எடுத்துக் கட்டு. ஒன்றரை மாசம் சட்டையில கறையோட அலைஞ்சவன் சொல்றேன். நீ கட்டுறியா, நான் கட்டிவிடட்டுமா?”

“நீதானடா சிரிச்ச!”

“நாந்தான் சிரிச்சேன். நாந்தான் கட்டவும் சொல்றேன். வேணும்னா எனக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லு, ரெண்டு பேரும் டோவா போய் உட்காருவோம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் மனைவி துணியோடு என் வீட்டு வாசலில் நின்றாள். காயமே இல்லாத மனிதருக்கும் இடப்பக்கம் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் டீக்கடையில் அருகருகே உட்கார்ந்திருந்தார்களாம். ‘டோ’ என்று கூப்பிட்ட பையனை, “ரெண்டு அம்மாவுக்கும் ரெண்டு டீ, சீக்கிரம்” என்று சுப்பிரமணியமே விரட்டினாராம். இரண்டாம் நாள் சிரிப்பு அலுத்துப்போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சமீனா மூன்றாவது வளையம் வரைந்தாள். ஒரு காசு அளவுதான் இருந்தது அது.

திங்கட்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் கூட்டம். சுப்பிரமணியமும் கூட வந்தார். கையை விரித்துப் பொன்னுத்துரையின் வயிற்றுக்கு முன்னால் அணை போட்டபடி நின்றார். சமீனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

டாக்டர் கட்டைப் பிரித்தார். மற்ற மூன்று காயமும் ஆறிவிட்டிருந்தன. தொப்புளில் ஓரமாக, மிளகு அளவு ஈரம் மினுங்கியது.

அவர் கேட்பதற்கு முன்னால் சமீனா சொன்னாள். “முழுசா காயல சயா. ஒரு ஓரம் பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமை ஒரு நாள் பின்னால போயிடுச்சு.”

மறைத்திருக்கலாம். காலையில் ஒரு தடவை கூடுதலாக ஒற்றி எடுத்துவிட்டு வந்திருந்தால் அந்த ஈரம் தெரிந்திருக்காது. அவளுக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. எழுதும்போது ஒளிக்காமல் எழுத வேண்டும் அல்லவா.

டாக்டர் வளையங்களைப் பார்த்தார். திங்கள், வியாழன், ஞாயிறு. ஒன்றுக்குள் ஒன்று சுருங்கி வந்த மூன்று கோடு. “என்ன மாத்தினே?” என்றார்.

சமீனா என்னைப் பார்த்தாள். நான் நோட்டை விரித்தேன். புதன்கிழமைப் பக்கத்தில், தாளுக்கும் பிளாஸ்திரிக்கும் நடுவில் அந்தக் கத்திரிப்பூ நிறப் பிசிறு ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இன்னொன்று. அவள் முடிச்சைப் பற்றிச் சொன்னாள். பத்தொன்பது பெண்களைப் பற்றிச் சொன்னாள். சுப்பிரமணியம் அறை வாசலில் நின்று, “ஒன்றரை மாசம் சயா! ஒன்றரை மாசம்!” என்று பர்மிய மொழியில் சாட்சி சொன்னார்.

டாக்டர் வெள்ளைக் கோட்டை விலக்கி, தாம் கட்டியிருந்த கைலியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“இத்தனை வருஷமா ஆபரேஷன் செய்யறேன். என்கிட்ட வர்ற ஆம்பளை எல்லாம் மேசையில படுத்துதான் இருக்காங்க.”

பொன்னுத்துரையின் தோளில் தட்டி, இன்னும் ஒரு வாரம் இடப்பக்கமே கட்டச் சொன்னார். பிறகு மேசையில் இருந்த டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றை எடுத்து, அச்சடித்த வரிகளுக்குக் கீழே பேனாவால் எழுதினார். முதல் வரி, ஆண்கள் இரண்டு வாரத்துக்குக் கைலி முடிச்சை இடப்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வரி, வீட்டில் காயம் பார்க்க: மா சமீனா. போன் நம்பருக்கு இடம் விட்டு அவளிடம் நீட்டினார். அவள் எழுதினாள். எண் ஒன்றைத் தப்பாகப் போட்டு, அடித்து, திருத்தினாள். சொந்த நம்பர்.

அடுத்த மாதம் அது அச்சாகி வந்தது. ஒரு சீட்டு எங்கள் வீட்டில் சான்றிதழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடி போட இன்னும் நேரம் வரவில்லை.

இப்போது அவளிடம் வருபவர்களில் பாதிப் பேர் ஆண்கள். போன வாரம் லத்தா வட்டாரத்திலிருந்து ஒரு சீன வியாபாரி கூப்பிட்டார். போனோம். அவள் என்னை “லாத்தா” என்று கூப்பிடுவதைக் கேட்டு, “அக்காவும் லத்தாவா? எந்தத் தெரு?” என்று விசாரித்தார். படுக்கப் போனவரைச் சமீனா நிறுத்தினாள்.

“படுக்கறதுக்கு முன்னால நின்ன வாக்குல கைலியை ஒரு தடவை அவிழ்த்துக் கட்டுங்க.”

அவர் திகைத்து அவளைப் பார்த்தார், பிறகு கதவோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் திரும்பிக்கொள்வேன் என்று காத்திருந்தார். அந்த வீட்டுச் சுவரிலும் ஒரு நாட்காட்டி இருந்தது. நான் நோட்டை விரித்து, தேதி போட்டு, பேனாவோடு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.